தெக்கு மூலை

குப்பம்மா அப்பாவுக்கு, மணலியிலேர்ந்து வாத்தியார் கையால எழுதறது.

ஹார்பருல நீங்க சுகமா கீறீங்கன்னு நெனைக்கிறேன். பயிர் கருகினா சர்க்கார் வரியைத் தள்ளிக் குடுக்குற வஜா நமக்கு இல்லேன்னுட்டாங்க. தப்பு என்னுதுதான்.

அதிகாரி வந்து பாக்கற வரைக்கும் பயிரை அறுக்காதேன்னு சொல்லிட்டுப் போனீங்க. மாடு பசியில கத்தியும் ஒரு தாளைக்கூட நான் அறுக்கல. இருபது நாள் கழிச்சு அவரு வந்தாரு. வரப்புல நின்னுக்கினே தெக்கு மூலையைக் காட்டி, "அங்கே பச்சையா இருக்குதே, தண்ணி இருந்தும் பாய்ச்சலியா"ன்னு கேட்டாரு. அப்படியே எழுதிக்கினு போய்ட்டாரு.

அது நெல்லு இல்லீங்க. ரெண்டு முழ நீளம்தான் இருக்கும். பால் ஊத்தின அன்னிக்குத் தூவின நவதானியம் மொளைச்சிருந்துச்சு. குடிக்கிற தண்ணியில மிச்சம் புடிச்சு தெனம் நாந்தான் ஊத்தினேன். அவரு போனப்புறம் அன்னிக்கும் ஊத்தினேன்.

குப்பம்மாவுக்குக் காய்ச்சல் மூணு நாள்தான் இருந்துச்சு.

அவளுக்குக் கண்ணாடி வளையல் வாங்கி வெச்சிருக்கேன்னு போன கடுதாசியில எழுதியிருந்தீங்க. யார்கிட்டயும் குடுத்தனுப்பாதீங்க. நீங்களே எடுத்துக்கினு வாங்க. நேரா தெக்கு மூலைக்கு வாங்க, வூட்டுக்கு அப்புறம் போலாம்.

இன்னும் தண்ணி ஊத்திக்கினு கீறவ.