கட்டிலுக்கு அடியில் சுரங்கம்

என்னங்க,

உங்கள் அம்மா என்னோடு பேசிவிட்டார்கள்!

கல்யாணமான நாளிலிருந்து, உப்பு வேண்டுமென்றாலும் சுவரைப் பார்த்துத்தான் சொல்வார்கள். இன்று நான் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி நான் கட்டுகிற பொம்மை ரயிலுக்கும் ஊருக்கும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். இருப்பதோ ஒரே அறை. தண்டவாளம் வளைகிற இடத்தில் அவர்களுடைய கட்டில். எப்படித் திருப்பினாலும் இடித்தது. இந்த வீட்டில் இதற்கு இடமில்லை என்று எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட ஆரம்பித்தேன். கூடவே என் துணிகளையும் மடித்துப் பையில் வைத்தேன். அது ஏன் என்பது இப்போது வேண்டாம்.

அப்போதுதான் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"எதுக்கு எடுத்து வைக்கிற? ரயிலை என் கட்டிலுக்கு அடியில விடு. சுரங்கம் மாதிரி இருக்கும்ல?"

தூக்கிவாரிப்போட்டது எனக்கு. அத்தை இறங்கி வந்து, கட்டிலடியில் கிடந்த தன் டிரங்குப் பெட்டியைத் தானே வெளியே இழுத்துப் போட்டார்கள்.

"ஸ்டேஷன் எங்க வரும்?"

"இங்கதான் அத்தை. ஆனா இது அவர் படுக்கிற இடமாச்சே."

"கப்பல்லேர்ந்து வரட்டும், பார்த்துக்கலாம். சமையல்கட்டுல படுத்துக்கட்டும்."

வரும்போது ஒரு சின்னப் பாய் வாங்கிக்கொண்டு வாருங்கள். எங்கள் ஊர் சமையல்கட்டுப் பக்கமும் வளர்கிறது.

இப்படிக்கு,
உங்கள் அம்மாவின் மருமகள்