கீறிவிட்ட கதவு

மச்சான்,

வேலை முடிந்தது என்று மூடி வைத்த போத்தலை இன்று மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. தலையைச் சுற்றவைக்கும் அந்த வாடை மூக்கில் ஏறியதும் நம் பெயர்ப்பலகைக் கடையில் உன் ஸ்டூலைத்தான் திரும்பிப் பார்த்தேன். பிளாஸ்டிக் ஷீட் ஒட்டுகிற மருந்துக்கு நீ வைத்த பேர் தண்ணி. "தண்ணிய கம்மியா போடு மச்சான்" என்று நீ உள்ளேயிருந்து கத்த, பலகை செய்யச் சொல்ல வந்த கோயில் ஐயர் படியேறாமலே திரும்பிப் போனாரே. ஹட்டன் பஜாரில் பாதிப் பேருக்கு நாம் இரண்டு பேரும் குடிகாரர்கள்தான்.

பலகைக்கு வெட்டி மிஞ்சிய ஷீட்டில்தான் நம் சின்னச் சின்ன மாடல் வேலையெல்லாம். நானுஓயா ஸ்டேஷன், தேயிலை ஃபெக்டரி, கோயில் தேர். வெட்டுவது என்று பேர்தானே தவிர, கத்தியால் கீறி, மேசை விளிம்பில் வைத்து ஒடிப்போம். அவசரத்தில் அழுத்திக் கெடுக்கிறவன் நான். "அது என்ன உன் மாமியாரா? மெதுவா கீறு" என்பாய். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து மூலையில் தூரிகை நுனியை வைத்தால், தண்ணி தானாக ஓடி இரண்டையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். அதன் பிறகு பிரிக்க முடியாது, உடைக்கத்தான் முடியும்.

நீ குடியிருந்த லயத்தை, அந்த வரிசை வீடுகளை, மண் மூடி ஒரு வருஷமாகப் போகிறது. பட்டப்பகல், விடாத மழை. மலை முறிகிற சத்தம் கேட்டு மற்றக் காம்பரா வீட்டுக்காரர்கள் போட்டது போட்டபடி ஓடிவிட்டார்கள். காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்த நீ மட்டும் வெளியே வரவில்லை. வருஷ நினைவுக்குக் கோயிலில் வைக்க அந்த லயத்தை அப்படியே மாடலாகச் செய்து தரச் சொல்லி உங்கள் தோட்டத்து ஆட்கள் வந்தார்கள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தகரக் கூரைக்கு வரி வரியாகக் கீறினேன். கதவுகளையும் வெட்டி எடுக்காமல் கோடாகக் கீறியே விட்டேன். "உள்ள யாரு போகப்போறா, கீறல் போதும்" என்று நீ சொல்லிச் சொல்லிப் பழகிய கை.

நேற்று உன் வீட்டுக்காரி பார்க்க வந்தாள். ஒவ்வொரு காம்பராவாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், உங்கள் கதவில் விரலை வைத்தாள்.

"அண்ணே, இது தெறக்காதா?"

"இல்லம்மா, சும்மா கீறல்தான்."

"இத மட்டும் தெறந்து வச்சிருங்க."

ஒட்டியாகிவிட்டது, இனிக் கை வைத்தால் சுவர் உடையும் என்றேன். அவள் உன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னைக்கு எங்கம்மாவ பாக்க டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போறப்ப நான்தான் சொன்னேன். கூதக்காத்து அடிக்குது, தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு படுங்கன்னு. அவரு என்னைக்கு நான் சொன்னத கேட்டிருக்காரு? அன்னைக்குப் பாத்து கேட்டுட்டாரு."

மண்ணைத் தோண்டியபோது அந்தக் கதவு தாழ்ப்பாள் போட்டபடியேதான் கிடைத்தது. நானும் பக்கத்தில் நின்றேன். அவளுக்குச் சொல்லவே கூடாது என்று பேசி வைத்திருந்தோம். அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

இன்று காலையிலிருந்து அந்த ஒரு கதவுதான். ஒரு தடவைகூட அழுத்தவில்லை மச்சான். கீறின இடத்திலேயே கீறிக்கொண்டிருந்தேன், கை சலித்தால் எழுந்து நடந்துவிட்டு வந்தேன். மதியத்துக்கு மேல் கதவு தனியாக வந்தது. சுவரில் விரிசல் இல்லை. ஒரு விளிம்பில் தண்ணி தொட்டு, உள்பக்கம் திறந்தபடி ஒட்டினேன்.

சாயந்தரம் அவள் வந்து குனிந்து பார்த்தாள். உள்ளே நான் கட்டில்கூடச் செய்து வைக்கவில்லை, வெறும் வெள்ளை ஷீட். வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உள்ள யாருமில்லண்ணே. அவரு வெளிய போயிட்டாரு."

வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து எங்கள் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினேன். என் வீட்டுக்காரி விழுந்த ஸ்க்ரூக்களைப் பொறுக்கிக் கொடுத்தாள். வெளியே மழை. கதவு காற்றில் திறந்து திறந்து மூடுகிறது, நாங்கள் கூதலில் உட்கார்ந்திருக்கிறோம்.