புகார் கொடுப்பதை நிறுத்திவிட்டவரைப் போய்ப் பார்க்கக் கோரி

அனுப்புநர்:
ஐடெல்லா ஹாகன்,
பழைய பள்ளிப் பேருந்து (முன்பு மஞ்சள், இப்போது பச்சை),
டாமரக் மலைச் சாலை, வில்லோ ஃபோர்டு,
டெல்மோர் மாவட்டம், மொன்டானா.

பெறுநர்:
நில ஒழுங்குமுறை அலுவலர் அவர்கள்,
டெல்மோர் மாவட்ட அலுவலகம்.

பொருள்: என் பேருந்து வீட்டைப் பற்றி விடாமல் புகார் அளித்துவந்த, பெயர் தெரியாத நபர் பனி உருகிய பிறகு ஒரு புகாரும் அளிக்காதது – அவர் இருப்பிடத்துக்கு உடனே ஆள் அனுப்பிப் பார்க்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தொல்லை தாங்கவில்லை, புகார்களை நிறுத்துங்கள் என்றுதான் பொதுவாக உங்களுக்கு மனு வரும். என்னுடையது நேர்மாறானது. என் மேல் புகார் கொடுத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயப்படுகிறேன். அவர் ஆணா பெண்ணா, கிழவரா குமரியா, எதுவும் எனக்குத் தெரியாது. அவருடைய பெயரும் முகவரியும் உங்கள் அலுவலகத்தில் மட்டும் இருக்கின்றன. அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நகரத்து மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வெகுகாலம் வேலை பார்த்தேன். குடியிருந்த வாடகை வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். இன்று கேட்கிற வாடகைக்கு என்னைப் போன்ற தனி ஆளால் ஒரு கார் கொட்டகைகூடப் பிடிக்க முடியாது. பள்ளி நிர்வாகம் ஓய்வு கொடுத்த பேருந்துகளை ஏலம் விட்டபோது ஒன்றை எடுத்தேன். இருக்கைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வெளியே போட்டேன். இரண்டை மட்டும் விட்டுவைத்து, எதிரெதிராகத் திருப்பி, நடுவே பலகை போட்டுச் சாப்பாட்டு மேசை ஆக்கினேன். எதிர் இருக்கை யாருக்கு என்று கேட்பார்கள். யாருக்கும் இல்லை. ஒரே இருக்கை போட்டுப் பார்த்தேன், அலுவலக மேசை மாதிரி இருந்தது, அவ்வளவுதான். என் மகள் அலாஸ்காவில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்குத் தொலைபேசியில் பேசுவாள்.

ஏலத்தில் எடுத்த வண்டியை என் மாமா எழுதிவைத்த துண்டு நிலத்துக்கு நானேதான் ஓட்டிவந்தேன். அப்போது அது மஞ்சளாகவே இருந்தது. வழியில் இன்ஜின் சூடாகி ஓரம் கட்டினேன். பள்ளிப் பேருந்து நின்றால் இரு பக்கமும் நிற்க வேண்டும் என்ற சட்டம் பழகிப்போன நம் ஊர்க்காரர்களுக்கு, மஞ்சள் பேருந்து நின்றால் கால் தானாகவே பிரேக்கில் போய்விடும். சிவப்பு விளக்கு எரிகிறதா என்றுகூட யாரும் பார்க்கவில்லை. முன்னும் பின்னும் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. பிள்ளைகள் இறங்குவதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்கள். நான் எண்ணெய்க் கையோடு இறங்கிப் போய், போகச் சொல்லிக் கை காட்டினேன். ஒரு பிக்கப் வண்டியிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டினார்.

“பசங்க ஒருத்தரும் எறங்கலையே, என்னாச்சு?”

“பசங்க இல்லீங்க. நான் ஒருத்திதான்.”

“அடேங்கப்பா, ஒருத்திக்கா இத்தாம்பெரிய பஸ்ஸு!”

பின்னால் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குப் பிறகு அத்தனை பேர் எனக்காக ஓரிடத்தில் நின்றது கிடையாது. இதை மனுவில் எழுதத் தேவையில்லை என்று தெரியும். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

நிலத்தில் வந்து நின்ற வாரமே முதல் புகார் வந்தது. பிள்ளைகள் இல்லாத வாகனம் பள்ளி மஞ்சளில் நிற்கிறது, சட்டப்படி நிறம் மாற்ற வேண்டும் என்றது. உங்கள் கள ஆய்வாளர் திரு. டிபெட்ஸ் நோட்டீசைக் கொண்டுவந்து கதவில் ஒட்டினார். பச்சை அடித்தேன். நெற்றியில் ‘பள்ளிப் பேருந்து’ என்ற எழுத்து இன்னும் மங்கலாகத் தெரிகிறது என்று அடுத்த புகார். இன்னொரு பூச்சு அடித்தேன். அடுப்புக் குழாய்க்கு மூடி இல்லை, தீப்பொறி பறக்கிறது என்று மற்றொன்று. வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே ஏணி போட்டு ஏறி மூடி மாட்டினேன். பிறகு டிபெட்ஸ் வண்டிச் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

“கோவிச்சுக்காதீங்க ஐடெல்லா, இன்னொண்ணு வந்திருக்கு.”

“யாருப்பா அந்த ஆளு? வேற வேலை வெட்டியே கெடையாதா?”

“சத்தியமா எனக்கே தெரியாது. வண்டி எங்க நிக்குது, என்ன தப்பு, அது மட்டும்தான் என் கைக்கு வரும். பேரு ஆபீசரோட பூட்டுக்குள்ள.”

“பூட்டு போட்டுக் காக்கறதுக்கு அவரு என்ன ராஜ பரம்பரையா?”

“போன வருஷம் ஒருத்தர், தன் மேல புகார் குடுத்தவர் வீட்டு வாசல்ல ஒரு லோடு மாட்டுச் சாணியக் கொட்டிட்டுப் போயிட்டாரு. அதுலேர்ந்து பூட்டு.”

அந்த யோசனை எனக்கும் பிடித்திருந்தது என்று அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் வந்த புகாரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பன்றி இறைச்சி வறுத்த கொழுப்பை வண்டிக்குப் பின்னால் கொட்டுகிறார், கரடி வரும் என்று அதில் இருந்தது. உண்மைதான், கொட்டிக்கொண்டிருந்தேன். தகர டப்பாவில் பிடித்து மூடிவைக்கத் தொடங்கிய சில நாட்களில் தாய்க்கரடி ஒன்று இரண்டு குட்டிகளோடு அந்த இடத்துக்கு வந்து, மண்ணை முகர்ந்துவிட்டுப் போனது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காபிக் குவளையோடு நான் சிலை மாதிரி நின்றேன். அப்போதுதான் முதல்முறையாக யோசித்தேன். நான் கொழுப்பு கொட்டும் இடம் சாலையிலிருந்து தெரியாது. எதிர் மலைச்சரிவிலிருந்து, தொலைநோக்கி வைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும். யாரோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஜனவரிக் குளிரில் எனக்குக் காய்ச்சல் கண்டது. எழுந்து விறகு போடத் தெம்பில்லை. அடுப்பு அணைந்துவிட்டது. கம்பளிகளுக்கு அடியில் கிடந்தேன். நடுவில் எத்தனை பொழுது போயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. ஜன்னலுக்கு உட்புறமே பனி படிந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. கதவைத் தட்டி, பிறகு உடைத்துக்கொண்டு உள்ளே வந்தவர் டிபெட்ஸ். அவர் கையில் வழக்கம்போல ஒரு நோட்டீஸ் இருந்தது. தலைப்பு: கைவிடப்பட்ட வாகனம். அதற்குக் கீழே, புகைபோக்கியில் புகை இல்லை, உரிமையாளர் நடமாட்டம் இல்லை, உடனே கவனிக்கவும், தயவுசெய்து உடனே என்று இருந்தது.

மருத்துவமனையில், நான் காலமெல்லாம் துவைத்துக் கொடுத்த விரிப்புகளில் நானே படுத்துக் கிடந்தேன். நுரையீரலில் சளி கட்டியிருந்தது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்று தொடங்கிய மருத்துவர், பாதியில் நிறுத்திக்கொண்டு என் போர்வையைச் சரிசெய்தார். என்னைப் பார்க்க வந்த ஒரே ஆளும் டிபெட்ஸ்தான். வாகனம் கைவிடப்படவில்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவர் மனைவி கோழி சூப் கொடுத்தனுப்பியிருந்தார்.

ஐயா, உங்கள் அலுவலகத்தின் இணையப் பக்கத்தைப் பிறகு நான் பார்த்தேன். சத்தம், குப்பை, நிறம், கழிவுநீர், கைவிடப்பட்ட வாகனம் என்று புகாருக்குப் பல தலைப்புகள் உண்டு. அங்கே இருக்கிறவளுக்கு என்ன ஆயிற்றோ என்று கேட்பதற்குத் தலைப்பு எதுவும் இல்லை. பாவம், இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

வீடு திரும்பியதும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். காலையில் காபியோடு பேருந்தின் கூரை மேல் ஏறி நின்று, எதிர்ச் சரிவைப் பார்த்துக் கையை ஆட்டுவேன். பைன் மரங்களுக்குள் எந்த வீடு என்று தெரியாது, பொதுவாக எல்லாப் பக்கமும் ஆட்டுவேன். யாராவது பார்த்தால் கிறுக்கு என்று நினைப்பார்கள், நினைக்கட்டும். அதற்கும் ஒரு புகார் வந்தது. கூரையில் உறைபனி வழுக்கும், கைப்பிடிக் கம்பி இல்லாமல் ஏறுகிறார் என்று. அந்த நோட்டீசை நான் மேசைக்கு மேலே மாட்டிவைத்திருக்கிறேன். மறுநாளே கம்பி வாங்கிப் பொருத்தினேன். பொருத்தி முடித்து, அதைப் பிடித்து ஆட்டிக் காட்டினேன்.

அதுதான் கடைசிப் புகார். பனி உருகியது, சேறு காய்ந்தது, புல் முழங்கால் வரை வளர்ந்துவிட்டது. ஒன்றும் வரவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. விதியை மீறினால் எழுதுவார் என்று நினைத்து, சாலையோரம் கொடி கட்டி உள்ளாடைகளை உலர்த்தினேன். வானொலியை அலற விட்டேன். பழைய கழிப்பறைப் பீங்கான் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நட்டு, மண் நிரப்பி, செவ்வந்திச் செடி வைத்தேன். அதைப் பார்த்தும் பேசாமலிருக்கக்கூடியவர் அல்லர் அவர். சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவரிடமிருந்து மட்டும் ஒரு சொல் இல்லை. செடி பூத்த அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

காவல் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்த அம்மாள் பொறுமையாகத்தான் கேட்டார்.

“யாரைப் போய்ப் பாக்கணும்னு சொல்றீங்க?”

“என் மேல புகார் குடுக்கறவரை.”

“உங்களை மெரட்டறாரா?”

“இல்லீங்க. இப்ப அவரு ஒண்ணுமே பண்றதில்லை. அதாங்க பிரச்சினை.”

“பேரு?”

“தெரியாது.”

“வீடு?”

“அதுவும் தெரியாது.”

“அப்ப நான் எங்கம்மா ஆள் அனுப்புவேன்?”

அவர் மேல் தவறில்லை. நானே நடந்தும் பார்த்தேன். எதிர்ச் சரிவில் வீடுகள் உள்ளே மறைந்திருக்கின்றன, வெளியே தெரிவது கதவுகளும் சங்கிலிகளும்தான். உள்ளே நுழைந்தால் சுடுவோம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். விளையாட்டுக்கு எழுதுகிறவர்கள் அல்லர் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கதவின் முன்னும் நின்று குரல் கொடுத்தேன். ஒரு வீட்டுக்காரர் மட்டும் நாயைப் பிடித்துக்கொண்டு வந்து, இங்கிருந்து உன் பஸ்ஸே தெரியாது, போ என்றார். மற்ற இடங்களில் யாரும் வரவில்லை. பாதி வீடுகள் விடுமுறைக்கு மட்டும் ஆள் வருபவை, ஆகவே யாரும் வராததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இது கோடை. எந்தப் புகைபோக்கியிலும் புகை இல்லை. அவர் என்னைக் கண்டுகொண்டது போல நான் அவரைக் கண்டுகொள்ள வழியில்லை.

டிபெட்ஸிடம் சொன்னேன். அவர் பதறிவிட்டார்.

“வாயைத் தெறக்காதீங்க ஐடெல்லா! கோடை முடியற வரைக்கும் புகார் வரலைன்னா, இந்தப் புகார்களை வெச்சு உங்க மேல தெறந்த கேஸை மூடிடுவாங்க. அப்புறம் ஒருத்தரும் உங்களை அங்கேருந்து கெளப்ப முடியாது. நீங்களே போய்த் தட்டி எழுப்பாதீங்க.”

அவர் சொல்வது புரிகிறது. இந்த மனுவால் என் கோப்பு திரும்பத் திறக்கலாம். கொடி, வானொலி, பீங்கான் எல்லாவற்றையும் நானே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறேன். இடத்தைக் காலி செய்யச் சொன்னாலும் சொல்வீர்கள். இந்த நிலத்தை விட்டால் எனக்கு நிற்க வேறு இடம் இல்லை. ஆனாலும் என் வீட்டுக்குச் சக்கரம் இருக்கிறது, ஓட்டிக்கொண்டு போய்விடுவேன். சமையலறைத் தரையில் விழுந்து கிடக்கிற ஒருவரால் அது முடியாது. அவர் விழுந்து கிடக்கிறார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என்னால் தூங்க முடியவில்லை, அவ்வளவுதான் என்னிடம் உள்ள சான்று.

ஆகவே நான் கேட்பது இதுதான். பெயரை எனக்குச் சொல்ல வேண்டாம். பூட்டைத் திறந்து நீங்களே பார்த்து, இந்த மனு கைக்கு வந்த அன்றைக்கே ஒருவரை அனுப்பிக் கதவைத் தட்டச் சொல்லுங்கள். திறக்காவிட்டால் உடைக்கச் சொல்லுங்கள், டிபெட்ஸுக்குப் பழக்கம் உண்டு. அவர் நலமாக இருந்து, அலுத்துப் போய் நிறுத்தியிருந்தால், வந்தவர் மன்னிப்புக் கேட்டுத் திரும்பிவிடலாம். வேறு ஊருக்குப் போயிருந்தால், போய்விட்டார் என்று ஒரு வரி எழுதினால் போதும், மேற்கொண்டு கேட்க மாட்டேன்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. அப்படி இருந்து, அடக்கத்துக்கு அவருக்கு யாரும் இல்லை என்றால், எனக்குத் தகவல் அனுப்புங்கள். நான் வருவேன். குழிக்கு முன்னால் நின்று இன்னாருக்காக வந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டுமே. அப்போது மட்டும் அவர் பெயரைச் சொல்லுங்கள், ஐயா.

உங்கள் விரைந்த நடவடிக்கைக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
ஐடெல்லா ஹாகன்

இடம்: வில்லோ ஃபோர்டு
நாள்: ஜூலை 9