நோனாவின் சாரம்

மச்சான்,

உங்கள் தகரப் பெட்டி போன கிழமை வந்து சேர்ந்தது. சல்லிக் கிராமத்தில் நீங்கள் அறை எடுத்திருந்த வீட்டுக்காரர், உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து எங்கள் விறாந்தையில் இறக்கினார். உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. எண்ணெய் பிடித்த சில சாவிகள், கால் உடைந்த மூக்குக்கண்ணாடி, பொத்தான் போன இரண்டு சேட்டு. எல்லாவற்றுக்கும் அடியில் இடுப்பில் கட்டுகிற சாரம் ஒன்று. அதை விரித்ததும் நாய் மணம் அடித்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு அப்படி ஒரு மணம் மிஞ்சியிருக்குமா, அல்லது அது என் மனப் பிரமையா என்று தெரியவில்லை. உங்கள் தங்கையிடம் மணந்து பார்க்கச் சொன்னேன். அவள் மணந்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

அது ஒரு சாரம் அல்ல, இரண்டு. பாதி மண்ணிறம், உங்களுடையது. மற்றப் பாதி நீலச் சதுரம் போட்டது, என்னுடையது. நடுவே வலை பின்னுகிற நூலால் சேர்த்துத் தைத்திருக்கிறீர்கள். உங்கள் பக்கத்து மூலையில் சலவைக்காரர் போட்ட சிலுவைக் குறி. என் பக்கத்தில் ஒரு கோடும் இரண்டு புள்ளியும். அந்த நீலச் சாரம் காணாமற் போனபோது நான் சலவைக்காரரைக் கள்ளன் என்று ஏசி, வேறு ஆளை வைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் அப்போது பக்கத்தில்தான் நின்றீர்கள். "சாரம் எங்க போகப் போகுது, வளவுக்கதான் எங்கையும் கிடக்கும்" என்று மட்டும் பூனைக்குச் சொல்வதுபோலச் சொன்னீர்கள்.

எனக்கு இப்போது தெரிய வேண்டியது ஒன்றுதான். நாய் என்னைக் கடித்த அந்தப் பகல், நீங்கள் 'பிறத்தி' என்று சொன்னது பூனையையா, என்னையா? அந்த ஒரு சொல்லுக்காக நான் மூன்று வருடம் ஒரே கூரைக்குக் கீழே உங்களோடு கதைக்காமல் இருந்தேன். கடைசியில் நீங்கள் வீட்டை விட்டே போனீர்கள். நான் செய்தது சரியா பிழையா என்று இந்தச் சாரத்தைக் காணும்வரை எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

நான் எதையும் இலேசில் மறக்கிறவன் அல்ல. பதவி உயர்வுக்கான சிங்களச் சோதனை எழுத மாட்டேன் என்று நின்றதால் எனக்குக் கீழே இருந்தவரைத் தலைமை எழுதுவினைஞராக்கிய கந்தோரை நான் மறக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அம்மாவின் செத்தவீட்டுக்குத் தந்தியைப் பிந்தி அடித்த என் அண்ணனை மறக்கவில்லை. உங்கள் பெயரும் அந்த வரிசையில்தான் இருந்தது. இப்போது அந்த வரிசையில் எங்கே வைப்பது, வைக்கலாமா என்றுகூடத் தெரியவில்லை.

பூனை வந்த நாளை முதலில் சொல்கிறேன். மாரி மழை. கந்தோர் வேலையாக மூதூருக்கு லோஞ்சுப் படகில் போய்வரும் நாட்களில், இறங்குதுறையில் சீட்டுக் கொடுக்கும் பெட்டிக்கடையின் கீழே ஒரு சாம்பல் பூனை கிடக்கும். ஒரு காது கிழிந்தது. என் சோற்றுப் பொட்டலத்தில் மிஞ்சும் மீனைப் போடுவேன். கிட்ட வராது, ஆனால் போகவும் போகாது. பதவி எனக்கு இல்லை என்ற கடிதம் கிடைத்த நாளில் மீனைப் போட்டுவிட்டு நிற்கும்போது அது முதன்முறையாக என் சப்பாத்தில் வந்து உரசியது. அன்றைக்கு வேறு யாராவது இரண்டு நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் அதை அங்கேயே விட்டிருப்பேனோ என்னவோ. பனையோலை உமலுக்குள் போட்டு, வாயைக் குடைக்கயிற்றால் கட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

உங்கள் நாய்கள் ஜிம்மியும் கறுப்பனும் படலைக்கே பாய்ந்து வந்தன. நீங்கள் கிணற்றடியிலிருந்து முகத்துச் சவர்க்காரத்தோடு ஓடி வந்தீர்கள்.

"என்ன மச்சான் உமலுக்க, மீனோ?"

"பூனை."

"நாய் ரெண்டு நிக்கிற வீட்டுக்கோ?"

"ஏன், இது என்ர வீடில்லையோ?"

"உங்கட வீடுதான். நாய்க்குத்தான் இன்னும் அது தெரியாது."

நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சுருக்கென்றது. அது உங்கள் தங்கைக்குச் சீதனமாக எழுதிய வீடு. நான் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு உமலோடு வந்து குடியேறி எட்டு வருடம். அந்த எட்டு வருடமும் நான் கந்தோரால் வந்து படலையைத் திறக்கும்போது உங்கள் நாய்கள் இரண்டும் உறுமின. நீங்கள் ஒரு அதட்டுப் போட்ட பிறகுதான் எனக்கு வழி விட்டன. அதை ஊருக்குத் தெரியச் சொன்னது போல இருந்தது.

ஆனாலும் பூனையை நீங்கள்தான் ஏற்றுக்கொண்டீர்கள். குசினிக்குப் பின்னால் இருந்த சாமான் அறையை ஒதுக்கி, அதற்குள் அவளை விட்டுக் கதவைச் சாத்தினீர்கள். "ரெண்டு கிழமைக்கு ஒருத்தரும் ஒருத்தரையும் பாக்கக் கூடாது. முதல் மணம் பழகோணும். முகம் பிறகு" என்றீர்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நாய்களின் தட்டு, அந்தப் பக்கம் பூனையின் தட்டு. முதல் நாள் மூன்று முழத் தூரம். பிறகு நாளுக்கு ஒரு சாண் நகர்த்தினீர்கள். வெள்ளைக்காரன் கடற்படையோடு கப்பலேறிப் போன பிறகு டொக்யாட்டில் வேலை இழந்து லோஞ்சு எஞ்சின் திருத்திக்கொண்டிருந்த ஒருவர், நிலத்தில் குந்தியிருந்து கையால் சாண் அளப்பதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது.

"டொக்யாட்டில இதுவும் படிப்பிச்சவங்களோ?" என்று கேட்டேன்.

"எஞ்சினுக்கும் இதுதான் மச்சான். புதுப் பேரிங்கைப் போட்ட உடனே முழு வேகத்தில ஓட விடேலாது. உரஞ்சி உரஞ்சித்தான் இடம் பிடிக்கும்."

பெயரும் நீங்கள் வைத்ததுதான். வெள்ளைக்காரர் வீட்டு அம்மாமாரைப் போல மீனின் நடுத்துண்டை மட்டும் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைத் திரும்பியும் பாராததால் 'நோனா' என்றீர்கள். "நோனா இண்டைக்கு எழும்பிட்டாவோ?" "அவவுக்குக் குளிருது போல." நான் இறங்குதுறையிலிருந்து கொண்டுவந்த பூனை உங்களோடு சேர்ந்து ஒரு மனுஷியாகிவிட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, எனக்குப் பொறுமை இல்லாமற் போனது. அன்று விடுமுறை. நீங்கள் இறங்குதுறைக்குப் போயிருந்தீர்கள். ஒரு பூனையைப் பார்க்க இன்னொருவரின் கணக்குக்குக் காத்திருக்க வேண்டுமா என்று கதவைத் திறந்தேன். பிறகு நடந்ததெல்லாம் ஒரே சத்தம். ஜிம்மி பாய்ந்தது, நோனா அதன் மூக்கைக் கீறிவிட்டு முருங்கையில் ஏறினாள், நான் இடையில் காலை வைத்தேன். ஜிம்மி கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. நீங்கள் வந்து, ஈரச் சாரத்தோடு என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். வழியெல்லாம் "நோகுதோ, நோகுதோ" என்று கேட்டுக்கொண்டே மிதித்தீர்கள்.

திரும்பி வந்து கட்டிலில் கிடந்தேன். நீங்களும் உங்கள் தங்கையும் குசினியில் நின்று கதைத்தது சுவருக்கு மேலால் கேட்டது. நீங்கள் சொன்னீர்கள்: "அது பிறத்திதானே. பிறத்தியை..."

அந்த நேரம் பார்த்து மூன்று மணி லோஞ்சு ஊதியது. நாள் தவறாமல் கேட்டுக் கேட்டுக் காதில் விழாமற் போயிருந்த ஊதல். அது ஓய்ந்தபோது நீங்கள் வெளியே போயிருந்தீர்கள்.

பிறத்தி. வெளியாள், நம்மவன் இல்லை. எட்டு வருடமாக நாய்கள் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது நீங்களும் சொல்லிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். மிச்ச வசனத்தை நானே முடித்தேன். பிறத்தியை வீட்டுக்குள் விட்டால் இப்படித்தான். பிறத்தியை நம்பிப் பெண்ணைக் கொடுத்தால் இப்படித்தான். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக.

அன்றிலிருந்து உங்களோடு கதையில்லை. வயிற்றில் ஊசி போட ஆஸ்பத்திரிக்கு நொண்டி நொண்டித் தனியே நடந்தேன். நீங்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு பத்து யார் பின்னால் வந்தீர்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்களும் ஏறி ஓடவில்லை. கடைக்காரர்கள் எங்களைப் பார்த்து என்ன நினைத்தார்களோ.

பிறகு நீங்கள் நோனாவிடம் கதைக்கத் தொடங்கினீர்கள். நான் பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பேன். நீங்கள் முற்றத்தில் நின்று, "நோனா, ஐயாவுக்குச் சொல்லுங்கோ, படலையடியில பாம்புச் செட்டை கிடக்குது, பாத்து வரட்டாம்" என்பீர்கள். அல்லது, "நோனா, ஐயான்ர குடைக்குக் கம்பி போட்டு வச்சிருக்கிறன்." நான் பக்கத்தைப் புரட்டுவேன். சில நாள் சிரிப்பு வரும். பேப்பரை உயர்த்திப் பிடிப்பேன்.

அதே நேரம் நாய்களும் மாறின. மாதம் ஒன்று போவதற்குள் நோனா கறுப்பனின் வயிற்றில் தலை வைத்துத் தூங்கினாள். ஜிம்மி படலையில் என்னைக் கண்டு வாலாட்டியது. கடித்ததற்காக வெட்கப்படுகிறது என்று நினைத்தேன். நாய்க்கு இருக்கிற மரியாதை மனிசனுக்கு இல்லை என்று உங்கள் தங்கையிடம் சொன்னேன். அவளும் அதை உங்களிடம் சொல்லியிருப்பாள்.

ஜிம்மி செத்த வருடம் நீங்கள் போனீர்கள். காலை நேரம். தகரப் பெட்டி சைக்கிளில், கறுப்பன் பின்னால். படலையில் நின்று, "நோனா, வீட்டைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றீர்கள். அவள் விறாந்தைத் தூணில் நகம் தீட்டிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே, யன்னலுக்குப் பின்னால் நின்றேன். அதன் பிறகு சல்லி அம்மன் திருவிழாக்களில் உங்களைத் தூரத்தில் கண்டு முகத்தைத் திருப்பியிருக்கிறேன். நோனா சாகும்வரை உங்கள் வெறும் அறையில்தான் படுத்தாள்.

இப்போது இந்தச் சாரம். அன்று மத்தியானமே உங்கள் தங்கையைக் கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இது என்ன?"

"நோனாவைப் பழக்கத் தைச்சதெல்லோ. ஒரு ராத்திரி நாயளுக்குக் கீழ, அடுத்த ராத்திரி பூனைக்குக் கீழ. மாத்தி மாத்திப் போடுவார்."

"அதுக்கு அவற்ற சாரம் காணாதோ? என்ர எதுக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். "உங்களைக் கடிச்ச பிறகுதானே உங்கடையைக் கேட்டு வாங்கினவர். நான்தான் எடுத்துக் குடுத்தனான். சலவைக்காரரை நீங்கள் ஏசேக்க சொன்னா அண்ணையோட இன்னும் கோவிப்பியள் எண்டு விட்டிட்டன். பிறத்தியைப் பிறத்தியாவே வச்சிருந்தா நாய் கடிக்காம என்ன செய்யும், வீட்டு மணத்தை நாங்களெல்லோ குடுத்திருக்கோணும் எண்டு அண்ணை அண்டைக்கே சொன்னவர். இந்தக் குசினியிலதான்."

"இதை ஏன் அப்பவே எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே. நாய் கடிச்ச கோவத்திலதான் கதைக்காம இருக்கிறியள் எண்டு நாங்கள் ரெண்டு பேரும் நினைச்சது. நாயும் நானும் போனா மச்சானுக்கு நிம்மதி எண்டு சொல்லித்தான் அண்ணை போனவர்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். பிறகுதான் அந்த வசனத்தின் முதற்சொல்லான 'அது' எனக்கு நினைவுக்கு வந்தது. "அது பிறத்திதானே எண்டவர். அது எண்டது பூனையைத்தானே?"

அவள் கை அரிசியில் நின்றது. "பூனையை அண்ணை ஒருநாளும் அது எண்டு சொல்லேல்லையே. அவ எண்டுதானே சொல்லுவார்." கொஞ்சம் யோசித்தாள். "அப்ப உங்களைத்தான் போல. பூனையையும் சேத்துத்தான் எண்டு வையுங்கோவன். ரெண்டு பேரும் உமலோடதானே வந்தனீங்கள்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே நீங்கள் என்னைத்தான் பிறத்தி என்றீர்கள். நான் கேட்டது சரி. என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்த வசனம் முடியும் இடத்தில் நீங்கள் என் பக்கம் நிற்கிறீர்கள். என்னை வீட்டு ஆளாக்க என் சாரத்தைக் கிழித்து உங்களுடையதோடு தைத்திருக்கிறீர்கள். முதல் பாதிக்காக உங்களை மன்னிக்க வேண்டுமா, இரண்டாம் பாதிக்காக நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? யாரிடம் கேட்பது? அந்த லோஞ்சு அரை நிமிடம் பிந்தி ஊதியிருந்தால் என்று நினைக்கிறேன். பிறகு, அப்படியும் நான் வேறு ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பேனோ என்றும் நினைக்கிறேன். நீங்களாவது நோனாவை விட்டுவிட்டு என்னிடம் நேரே வந்து, "என்ன கோவம்?" என்று ஒருதரம் கேட்டிருக்கலாம். பாருங்கள், இப்போதும் உங்கள் மேல் ஒரு குறை கண்டுபிடித்துவிட்டேன்.

பெட்டியைக் கொண்டுவந்தவர் போகும்போது இன்னொன்றும் சொன்னார். கறுப்பனின் வழியில் வந்த பெட்டை நாய் ஒன்று உங்கள் அறை வாசலிலேயே கிடக்கிறதாம். யாரையும் கிட்ட விடுவதில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் சல்லிக்குப் போனேன். கருவாடு காயும் பாய்களுக்கு அப்பால் அவள் படுத்திருந்தாள். உறுமினாள். எனக்குப் பழகிய உறுமல். சாரத்தை மூன்று முழத்துக்கு அப்பால் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் இருந்தேன். வெகு நேரம் கழித்து எழுந்து வந்து மணந்தாள். உங்கள் பக்கத்தை மணந்தாள், என் பக்கத்தை மணந்தாள், தையலில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு போய் முந்திய இடத்திலேயே படுத்துவிட்டாள். சம்மதமா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை. சாரத்தை அங்கேயே விட்டு வந்தேன். வருகிற ஞாயிறு போய் அதை என் தலைமாட்டில் போட எடுத்து வருவேன். அடுத்த ஞாயிறு திரும்பக் கொண்டுபோவேன். ஒரு சாண், ஒரு சாணாக.

உங்கள் தங்கை படலையில் நின்று கேட்டாள். "இந்த வயசில பிறத்தி நாயொண்டை ஏன் வீட்டுக்குக் கொண்டு வரப் போறியள்?"

"பிறத்தி இல்லை" என்றேன்.

யாரைச் சொன்னேன் என்று எனக்கும் தெரியவில்லை, மச்சான்.