ஒரு கம்புக்கு இரண்டு பேர்

ஜூன் 4, செவ்வாய்

எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த மேலாளர் என் மேசையைச் சன்னலை விட்டுத் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறான். மறக்கமாட்டேன்.

வீட்டில் இன்னொன்று. மச்சினன் குடும்பத்தோடு வெளிநாட்டில் குடியேறப் போகிறானாம், இருபதாம் தேதி. அதற்கு முன் எல்லோருமாகக் கடற்பறவைத் தீவைப் பார்க்க டிக்கெட் வாங்கிவிட்டாள் மனைவி. நான் அவனோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது. என் பதவி உயர்வு கைநழுவிய வாரம், உறவுக்காரர்கள் நடுவில், "அத்தானுக்குப் பட்டம் மூணு, பதவி சைபர்" என்றவன். சிரித்தவர்கள் யார் யார் என்பதும் நினைவிருக்கிறது.

"அவன் போறதுக்குள்ள ஒரு வார்த்தை பேசிடுங்க. இதுக்கப்புறம் நான் கேக்கமாட்டேன்" என்றாள். கேட்கவே மாட்டாள். அதுதான் பயம்.

ஜூன் 7

போவேன். பேசமாட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. எழுத்து கோணினால் கோணட்டும்.

தீவில் இறங்கியதும் படகுக்காரர் ஜோடிக்கு ஒரு கம்பு கொடுத்தார். ஆலா என்கிற கடற்பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம். பாதை நெடுக முட்டைகள், கூழாங்கல் மாதிரியே. பக்கத்தில் போனால் பாய்ந்து வந்து தலையில் கொத்தும், அதுவும் எது உயரமோ அதைத்தான். ஆகவே ஒருவர் கம்பை உயர்த்தி வானத்தைப் பார்க்க வேண்டும்; மற்றவர் தரையைப் பார்த்து, கால் வைக்கும் இடம் சொல்ல வேண்டும். மனைவி தன் தம்பி பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போயேவிட்டாள். மிச்சம் நாங்கள் இருவர். கம்பு அவன் கையில்.

வாய் திறக்காமல் தோளைத் தட்டியே ஓட்டினேன். இடது தோள் என்றால் இடது கால். என்ன ஒரு ஏற்பாடு! திடீரென்று ஓர் ஆலா பாய்ந்தது. நான் தலையைப் பொத்திக்கொண்ட அந்த நேரத்தில் அவன் காலைத் தூக்கினான். அடியில் புள்ளி போட்ட முட்டை.

"டேய், காலை இறக்காதே!"

ஆறு வருஷத்தில் முதல் வார்த்தை — டேய்.

ஒற்றைக்காலில் நின்றான். கம்பு ஆடியது.

"எவ்வளவு நேரம் அத்தான்?"

"நான் சொல்ற வரைக்கும்."

சொல்லவில்லை. எதற்கு அவசரம்? கையைக் கட்டிக்கொண்டு கண்குளிரப் பார்த்தேன். அப்போதுதான் இன்னொரு ஆலா என் வழுக்கையில் வெதுவெதுப்பாக, வெள்ளையாக எச்சமிட்டுவிட்டுப் போனது. அவன் உதட்டைக் கடித்துப் பார்த்தான். முடியவில்லை.

"அத்தான்... நாலாவது பட்டம்."

கோபம்தானே வந்திருக்க வேண்டும்? மூக்கு வழியாகச் சிரிப்பு பீறிட்டது. அவன் ஆட, முட்டைமேல் விழாமலிருக்க அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். கம்பு சரிந்ததில் என் தலையில் இரண்டு கொத்து விழ, மேலே நூறு பறவை திட்ட, இரண்டு தடியர்கள் ஒருவரையொருவர் பிடித்தபடி சிரிக்கிறோம். தூரத்தில் என் மனைவி பாறையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா, கேட்கவில்லை.

ஜூன் 10

தலையில் பிளாஸ்திரியைப் பார்த்து மேலாளர் விசாரித்தான். சொன்னால் புரியாது. இவனையும் மன்னித்ததாக அர்த்தமில்லை.

ஜூன் 20

விமான நிலையத்துக்கு நானே வண்டி ஓட்டினேன். உள்ளே போன மச்சினன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பெட்டிகளோடு, வரிசைக்கு நடுவில் நின்று திரும்பினான். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

இறக்கச் சொல்லிக் கை காட்டினேன். கொஞ்சம் தாமதமாகத்தான்.