பத்துப் பேரை இறக்கிவிட்ட கணக்கு

3-10-79

காலையிலிருந்து தூறல். சுகாதார நிலையத்தைக் கூட்டி, ஊசிகளைக் கொதிக்கவைத்து, ஏழு குடம் தண்ணீர். இடுப்பு விட்டுப்போச்சு. ஆயா வேலைக்கு வந்து ஒன்பது வருஷம்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் விஞ்ஞானம் மட்டும் பாக்கி. இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. ஒன்பதாம் தேதி மறுபடி, கீழே திருப்பத்தூரில். தேறினால் நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போடலாம். முப்பதுக்கு மேல் எடுக்க மாட்டார்களாம். தை வந்தால் எனக்கு முப்பத்தொன்று. ஆக, இதுதான் கடைசி.

விசை = நிறை × முடுக்கம். பதினைந்து தரம் எழுதினேன். எழுத வருகிறது, கணக்குதான் வரவில்லை.

5-10

மழை. மூன்று கணக்கு, மூன்றும் தப்பு. நர்ஸ் சரோஜா பார்த்துவிட்டாள். என்னைவிட எட்டு வயது சின்னவள், அதட்டலுக்குக் குறைச்சல் இல்லை.

"இன்னாக்கா இது? நிறை, எடை எல்லாத்தையும் ஒண்ணா கொட்டிக் கிண்டி வெச்சிருக்கே. களியா இது?"

எரிச்சல். நோட்டை மூடிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனேன்.

வாங்க: மண்ணெண்ணெய், நீல மை, தலைவலித் தைலம்.

6-10

சரோஜாவும் நானும் சந்தைக்குப் போய்த் திரும்பினோம். ஜீப்பில் பத்துப் பேர், இரண்டு கோழி. மலைப்பாதையில் மூன்றாவது வளைவில் வழக்கம்போல டிரைவர் மணி நிறுத்தினான்.

"எறங்குங்க, எறங்குங்க!"

அந்த மேட்டில் ஆளோடு ஏற்ற மாட்டான். எல்லோரும் இறங்கி நடந்தோம். காலி ஜீப் விர்ரென்று போய் மேலே நின்றது.

"பாத்தியாக்கா? அதே இன்ஜின், அதே விசை. நிறை கொறஞ்சுது, முடுக்கம் கூடிச்சி. இதான் உன் கணக்கு," என்றாள் சரோஜா.

அட! இவ்வளவுதானா? இத்தனை வருஷம் இந்த மேட்டில் நடந்திருக்கிறேனே, மண்டைக்கு எட்டவில்லையே.

வந்ததும் ஐந்து கணக்கு. நாலு சரி.

9-10

தேர்வு முடிந்தது. கை ஓய்ந்துவிட்டது.

கடைசியில் நம்ம கணக்கே வந்திருந்தது. 1200 கிலோ ஜீப். தலா 60 கிலோவில் பத்துப் பேர். மேட்டில் ஏறுகிறது. நிகர விசை 3600 நியூட்டன். முடுக்கம் என்ன? 3600-ஐ 1200-ஆல் வகுத்தேன். மூன்று. மீதியே இல்லை. சந்தோஷமாக எழுந்து வந்தேன்.

திரும்பும்போது மூன்றாவது வளைவு. மணியின் கத்தல். இறங்கினேன். ஒரு கால் தரையில் பட்டதும் உறைத்தது. கேள்வியில் யாரும் யாரையும் இறங்கச் சொல்லவில்லை. பத்துப் பேரையும் நானாகவே இறக்கிவிட்டு வகுத்திருக்கிறேன். 1800-ஆல் அல்லவா வகுக்க வேண்டும். இரண்டு. விடை இரண்டு.

மழையில் நின்று அழுதேன். நல்லவேளை, மழை.

10-10

சரோஜா கேள்வித்தாளை வைத்துக் கூட்டிப் பார்த்தாள். அந்த ஜீப் கணக்கை விட்டுவிட்டால் முப்பத்து மூன்று தேறுகிறது. வேண்டியது முப்பத்தைந்து. அந்தக் கணக்குக்கு ஐந்து மார்க்.

"வழி எழுதினியா? வழிக்கு ரெண்டு போடுவாங்கக்கா."

எழுதினேன். 'ஆட்கள் இறங்கிய பின் நிறை = 1200 கிலோ' என்றும் எழுதித் தொலைத்திருக்கிறேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கும் சிரிப்புதான், கூடவே வயிற்றெரிச்சல். திருத்துகிறவர் ஒரு தடவையாவது இந்த மலைக்கு ஜீப்பில் வந்திருக்க வேண்டும், சாமி.

12-10

வெயில். மருந்துப் பெட்டி எடுத்துவர தி.பத்தூர். உடம்பெல்லாம் அசதி. திரும்பும்போது ஜீப்பில் என்னோடு சேர்த்துப் பத்துப் பேர். மூன்றாவது வளைவில் ஒன்பது பேர் இறங்கினார்கள். நான் அசையவில்லை.

"இன்னாக்கா, காலு நோவுதா?" மணி.

"நோவல. பத்துல ஒருத்தி நான். என்னெ வெச்சே ஏத்து."

திட்டிக்கொண்டே கியர் போட்டான். முனகியது, உறுமியது, நின்றுவிடும்போல இருந்தது. மெதுவாகத்தான். ஏறிவிட்டது.