படகில் ஒரு லாரிக்கு இடம்

பார்ண்டானா, கங்காரு தீவு
18 பிப்ரவரி 1986

அன்புள்ள கிளெம்,

இந்தக் கடிதம் கீத் ஊர்த் தபாலாபீஸில் உனக்காகக் காத்திருக்கும். அதற்குள் நீ வேறு ஏதோ பூவைத் தேடிக் கிளம்பியிருந்தால், இதுவும் உன் பின்னால் ஊர் ஊராக ஓடி வரும். இருபது வருஷமாக நான் ஓடினேனே, அந்த மாதிரி.

அண்ணன் ராய் செத்துப்போனதும், அவன் பண்ணையையும் ஆடுகளையும் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் இங்கே வந்தேன். இன்னும் ஒப்படைக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கிளெம். எனக்கு ஒப்படைக்க மனசில்லை. இங்கே எனக்கு ஒரு அடுப்பு இருக்கிறது. நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கிறது. காலையில் கண்ணைத் திறந்ததும் எந்த ஊரில் இருக்கிறோம் என்று யோசிக்க வேண்டியதில்லை.

பக்கத்துப் பண்ணை ஹெட்லி வாரம் தவறாமல் வேலியோரம் வந்து நிற்கிறார். "உன் வீட்டுக்காரன் வர்றானா இல்லையா, லோர்னா? வரலைன்னா எங்கிட்ட வித்துட்டுப் போயிடு. ஒண்டியா எத்தனை நாள் ஆடு மேய்ப்பே?" என்கிறார். கம்பளி வெட்டு முடிந்ததும், அக்டோபரில் பதில் சொல்கிறேன் என்றிருக்கிறேன். என் பதில் உன் கையில்தான் இருக்கிறது.

ஈஸ்டர் சனிக்கிழமைப் படகில் உன் லாரிக்கு இடம் போட்டுவிட்டேன். வெறும் லாரியோடு வா. தேன்பெட்டி, தேனடை கட்டும் மரச்சட்டம், மெழுகு, கையுறை, புகை போடும் டப்பா, எதுவும் கூடாது. ஒரு புட்டித் தேன்கூடக் கூடாது. வெளித் தேனீயின் நோய் இந்தத் தீவுத் தேனீக்களுக்கு ஒட்டக் கூடாதென்று நம் தாத்தாக்கள் காலத்திலிருந்து சட்டம். நான் சொல்லியா உனக்குத் தெரிய வேண்டும்! தேன்காரன் பெண்டாட்டி கடையில் தேன் வாங்கித் தின்கிறாள் என்று ஊரே சிரிக்கிறது.

பெட்டிகளை விற்கச் சொல்லவில்லை. உன் தேன்காரச் சிநேகிதன் டட்லியிடம் விட்டுவிட்டு வா. முதலில் வந்து பார். படகில் வண்டியை ரிவர்ஸில், பின்பக்கமாகத்தான் ஏற்ற வேண்டும் என்பது நினைவிருக்கிறதல்லவா? எனக்கு அந்த வித்தை இந்த ஜென்மத்தில் வராது. நான் வந்தபோது படகில் வேலை செய்யும் பெவன்தான், "நீங்க இறங்கிக்குங்கக்கா, படகுல இன்னும் பத்து பேர் இருக்காங்க" என்று சொல்லி என் காரை ஏற்றினான்.

உன்னையே நினைத்திருக்கும்,
உன் லோர்னா


கீத் ரோட்டோரம்
2 மார்ச் 1986

என் கண்ணே லோர்னா,

கடிதம் கிடைத்தது. எங்கும் ஓடிவிடவில்லை, இங்கேயேதான் இருக்கிறேன். பாங்க்சியாப் புதர்கள் இந்த வருஷம் சீக்கிரமே பூத்துவிட்டன. பெட்டிகள் தேனால் கனக்கின்றன. என் இடுப்பைக் கேட்டால் கதை கதையாகச் சொல்லும்.

வருகிறேன். வராமல் எங்கே போவேன்? டட்லி பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறானாம். ஆனால் அவன் வாய் சும்மா இருக்குமா? "நீ அங்க போய் என்னடா பண்ணப் போறே? ஆட்டுக்கு முடி வெட்டுவியா? உன் தலைமுடியையே அவதானே வெட்டிவிடுறா!" என்று என் டீயையே குடித்துக்கொண்டு கேட்கிறான். எனக்கும் இப்போது முடி காதுக்குக் கீழே வந்துவிட்டது. கத்தரிக்கோலைத் தீட்டி வை.

லாரியைச் சோப்புப் போட்டு, சந்து பொந்தெல்லாம் குச்சியால் சுரண்டிக் கழுவப் போகிறேன். கல்யாணத்துக்குக்கூட நான் இப்படிக் குளித்ததில்லை. ஆட்டுக் கால் ஒன்றை எடுத்து வைத்துவிடு. புதினா சட்னி போட மறக்காதே.

சத்தியமாக வருகிறேன்.

என்றும் உன்,
கிளெம்


பார்ண்டானா
30 மார்ச் 1986, ஈஸ்டர் ஞாயிறு

கிளெம்,

நேற்று பென்னஷா படகுத்துறையில் நின்றேன். இருப்புக் கொள்ளாமல் விடிந்ததுமே கிளம்பிவிட்டேன். காரில் உட்கார்ந்தேன், இறங்கினேன், கைகாட்டி மரம் வரை நடந்தேன், திரும்பி வந்தேன். அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்த கிழவர், "ஒரு இடத்துல நில்லும்மா, மீனெல்லாம் மிரளுது" என்றார்.

படகு வந்தது. முதலில் ஒரு தபால் வண்டி. அப்புறம் பிள்ளைகள் நிரம்பிய கார்கள். ஒவ்வொரு வண்டியையும் உள்ளே குனிந்து பார்த்தேன். ஏதோ நீ லாரியை விற்றுவிட்டு யாரோடோ தொற்றிக்கொண்டு வந்திருப்பாயோ என்று. எல்லாரும் நம் தீவு வழக்கப்படி ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி எனக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். நானும் விரலைத் தூக்கித் தூக்கிக் கை வலித்ததுதான் மிச்சம். கடைசியாக, உன் லாரிக்கு நான் போட்ட இடத்தில், யாரோ ஒருவரின் கேரவன் இறங்கியது.

ஆட்டுக் காலை ஹெட்லி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். உனக்கு வழியில் ஏதாவது ஆகியிருக்குமோ என்று ராத்திரியெல்லாம் பயந்து கிடந்தேன். உயிரோடு இருந்தால் ஒரு வரி எழுது. அதற்கப்புறம் உன்னைத் திட்டுகிறேன்.

லோர்னா


கீத்
8 ஏப்ரல் 1986

அன்பு லோர்னா,

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் நான் சொல்வதையும் கேள்.

கேப் ஜெர்விஸ் துறைக்கு நேரத்துக்கு வந்துவிட்டேன். வரிசையில் முதல் ஆள். சலவை செய்த சட்டை, மடித்து வைத்த தார்ப்பாய், எல்லாம் ஒழுங்கு. சோதிக்கிற ஆள் வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால், அடியில் ஒரு கொத்துத் தேனீ! எங்கிருந்து தொற்றிக்கொண்டு வந்ததோ தெரியவில்லை. மோந்துகொண்டே பின்னால் வந்திருக்கும். என்னை விட்டுப் பிரிய அவற்றுக்கு மனமில்லை போலிருக்கிறது. அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டான். சட்டம் சட்டம்தானே? திரும்ப வேண்டியதாகிவிட்டது.

உன் முகத்தை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. குளிர் ஏறட்டும், தேனீக்கள் அடங்கிவிடும். அப்போது வருகிறேன். இடம் மட்டும் போட்டு வை.

உன்னுடைய,
கிளெம்


பார்ண்டானா
4 மே 1986

கிளெம்,

உன் கடிதத்தை நம்பினேன். ஒரு மாதம் முழுக்க நம்பினேன். கடைக்காரியிடமும் ஹெட்லியிடமும், "பாவம், தேனீ விட மாட்டேங்குது அவரை" என்று பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நேற்று பென்னஷாவில் பெவனைப் பார்த்தேன். தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணனுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டான். ஏன்டா என்றேன். சொன்னான்.

தார்ப்பாய்க்கு அடியில் தேனீ இல்லை. லாரியில் ஒன்றுமே இல்லை. கண்ணாடி போலப் பளபளத்ததாம். சோதிக்கிறவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துப் 'போ' என்று கையைக் காட்டிவிட்டாராம். நீயும் பின்பக்கமாக ஏற்றினாயாம். "அப்படி ஒரு ஏத்து நான் பார்த்ததே இல்லக்கா, ஒரே திருப்பு, நூல் பிடிச்ச மாதிரி" என்றான். பின்சக்கரம் இரண்டும் படகுக்குள் வந்துவிட்டன. அங்கே நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாயாம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்களாம். அப்புறம் முன் கியரைப் போட்டு, இறங்கி, மேடேறிப் போய்விட்டாயாம்.

நீ வராததைவிட, பாவம், அந்தத் தேனீக்கள்மேல் பழி போட்டாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏன் என்று கேட்கிறேன். திட்டுவதற்காக அல்ல. தெரியாமல் இருக்க முடியவில்லை. வேலியைச் சரி பார்க்கப் போனால் பாதியில் நின்று இதையே யோசிக்கிறேன். குட்டி போட ஆரம்பித்துவிட்டன ஆடுகள், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

லோர்னா


வில்லுங்கா, பாதாம் தோட்டத்திலிருந்து
21 செப்டம்பர் 1986

லோர்னா,

உன் கடிதம் என் சட்டைப் பையிலேயே குளிர்காலம் முழுக்கக் கிடந்தது. நான்கு முறை பதில் எழுதிக் கிழித்தேன். நீ எழுத்தில் கெட்டிக்காரி, நான் இல்லை.

பெவன் சொன்னது நிஜம்.

என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது. கீத்திலிருந்து கேப் ஜெர்விஸ் வரை வெறும் லாரியை ஓட்டி வந்தேன். வெறும் லாரி எப்படிச் சத்தம் போடும் தெரியுமா? தடதடவென்று, ஒவ்வொரு பள்ளத்துக்கும். பெட்டிகள் இல்லாமல் நான் அதை ஓட்டியதே கிடையாது. படகின் மேல் சக்கரம் ஏறியதும் சத்தம் நின்றுவிட்டது. சட்டென்று பயம் வந்தது. அக்கரையில் இறங்கி நான் யார்? லோர்னாவின் வீட்டுக்காரன், ராயின் மச்சான், வேலியோரம் நிற்கிற இன்னொரு ஆள். பூ என்னைத் தேடி வரும்வரை ஒரே ஜன்னலில் உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று வாரம் ஒரே இடத்தில் இருந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும். உனக்கே தெரியும், எத்தனை முறை எழுந்து நாம் குடியிருந்த கேரவனைச் சுற்றி நடந்திருக்கிறேன்.

உன்மேல் ஆசை இல்லாமல் இல்லை. அது இருப்பதால்தான் இத்தனை மாதம் எழுத முடியவில்லை.

நீ வந்துவிடேன். கேரவன் கூரை ஒழுகுவதை அடைத்துவிட்டேன். உனக்குப் பிடித்த மஞ்சளில் புதுத் திரை தைத்துப் போட்டிருக்கிறேன். என் கையாலேயே தைத்தேன், கோணலாகத்தான் இருக்கிறது, சிரிக்காதே. ஹெட்லி கேட்கிற விலைக்குக் கொடுத்துவிடு. அக்டோபர் 13, திங்கட்கிழமை, காலைப் படகு வரும்போது கேப் ஜெர்விஸ் துறையில் நிற்பேன். ஒரு பையை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்து இறங்கி வா. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

காத்திருப்பேன். இந்த முறை நான்.

கிளெம்


பார்ண்டானா
15 அக்டோபர் 1986

அன்புள்ள கிளெம்,

நீ திங்கட்கிழமை சொன்னபடி வந்து நின்றாய். அதற்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன்.

நானும் வந்தேன்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. ஒரு நாள் பையை எடுத்து வைப்பேன், மறுநாள் எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் அடுக்குவேன். மஞ்சள் திரையை நீ உட்கார்ந்து தைத்ததை நினைத்து அழுதேன். கோணல் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துச் சிரித்தேன். உன்னைப் போல ஒரு மனிதனை என்னதான் செய்வது?

கம்பளி வெட்டு முடிந்து, மந்தையிலிருந்து கழித்த கிடாக்களை அக்கரைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ராய் சாவதற்கு முன் வாங்கிய பெட்ஃபோர்டு லாரி ஒன்று இருக்கிறது. நீ அதைப் பார்த்ததில்லை. அதே திங்கட்கிழமைக்கு, அதே படகில், அதற்கு இடம் போட்டேன். மூன்று வாரமாகக் கொட்டகை வாசலில் இரண்டு டிரம்மை வைத்துப் பின்பக்கமாக ஓட்டிப் பழகினேன். டிரம் இரண்டும் நசுங்கிப் போயின. ஹெட்லி வேலியில் சாய்ந்துகொண்டு, "டிரம்முமேல உனக்கு என்னம்மா கோபம்?" என்று கேட்டார். ஆனால் திங்களன்று, கிடாக்கள் பின்னால் கத்திக்கொண்டிருக்க, நானே ஏற்றினேன். பெவன் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தான், கிட்டேகூட வரவில்லை.

யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ என்னைப் பார்த்துவிட்டு, கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தால், சந்தையில் கிடாக்களைத் தள்ளிவிட்டு, பண்ணையையும் ஹெட்லிக்கே கொடுத்துவிட்டு, உன் கேரவனில் ஏறிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். சட்டைப் பையில் உனக்காக ஒரு ராணித் தேனீ வைத்திருந்தேன். கிங்ஸ்கோட்டில் தேனீ வளர்க்கிறவரிடம் கேட்டு வாங்கினேன். நம் தீவு ராணி, சாதுவான ஜாதி, தீப்பெட்டி அளவு கூண்டில், கூடவே நாலைந்து வேலைக்காரத் தேனீக்கள். குளிரக் கூடாதென்று உடம்போடு ஒட்டி வைத்திருந்தேன். வழியெல்லாம் நெஞ்சுக்கு மேல் ரீங்காரம்.

படகின் வாய் திறந்ததும் உன்னைப் பார்த்துவிட்டேன். கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். முடியை யாரோ மோசமாக வெட்டியிருந்தார்கள். மேட்டில் உன் லாரியும் கேரவனும். ஜன்னலில் மஞ்சள். நீ நடந்து இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தாய்.

என் முறை வந்தது. மெதுவாகத்தான் வந்தேன். உன்னிடமிருந்து ஒரு கை தூரத்தில் வந்தேன். ஜன்னலை இறக்கிவிட்டிருந்தேன். ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினேன். நீயும், வழியில் போகிற எந்த லாரிக்காரனுக்கும் செய்வதுபோல, ஒரு விரலைத் தூக்கினாய். என் முகத்துக்கு நேராகப் பார்த்தாய், கிளெம். பிறகு, வண்டிக்குப் பின்னால் யாராவது நடந்து வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாய்.

பிரேக்கில் கால் வைத்தேன். பின்னால் கேரவன்காரன் ஹாரன் அடித்தான். காலை எடுத்துவிட்டேன்.

கூப்பிட்டிருக்கலாம். நீ ஓடி வந்திருப்பாய், எனக்குத் தெரியும். இருபது வருஷம் உன்னைப் பின்னாலிருந்து கூப்பிட்டவள்தானே நான். அன்றைக்கு மட்டும் கூப்பிடக் கூடாதென்று தோன்றியது. சந்தைக்குப் போகிற வழியில் யங்கலில்லா ஊர் வரை அழுதுகொண்டே ஓட்டினேன். அப்புறம் கிடாக்களுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியிருந்தது, நிறுத்திக் காட்டினேன்.

நல்ல விலைக்குத்தான் போயின. நேற்று ஹெட்லியிடம், பண்ணையை விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் மேற்கு வயலுக்கு நல்ல விதை எங்கே கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் சந்தையிலிருந்து துறைக்குத் திரும்பி வரும்போது மேட்டில் உன் வண்டி இல்லை. ராணியைத் துறைமுக டீக்கடையில் உன் பேர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். டட்லிக்குச் சொல்லியனுப்புவதாகக் கடைக்காரி சொன்னாள், இந்நேரம் உன் கைக்கு வந்திருக்கும். பலவீனமான பெட்டி ஒன்றில் விடு. அதைத் திருப்பி அனுப்பிவிடாதே. இங்கிருந்து எந்தத் தேனீயும் வெளியே போகலாம், போனது திரும்பி உள்ளே வர முடியாது, சட்டம். அதனால்தான் அதை அங்கேயே விட்டேன்.

நான் அன்றைக்கே சாயங்காலப் படகில் திரும்பி வந்துவிட்டேன்.

லோர்னா